இறுகிப்போன ஆக்சில் நட்டை வீட்டு முற்றத்தில் கழற்றுவது எப்படி

சக்கரத்தின் நடுவே ஆக்சிலைப் பிடித்திருக்கும் பெரிய நட், அதாவது ஆக்சில் நட், அசையவில்லை என்றதும் எல்லோரும் நீளமான பைப்பைத் தேடி ஓடுகிறார்கள். அந்தப் பைப்பைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நட்டின் முனை மழுங்குவதும் சொக்கட் வெடிப்பதும் பெரும்பாலும் முதல் ஐந்து நிமிட அவசரத்தில்தான். சுத்தம் பண்ணி, பூட்டை எடுத்து, ஒயில் விட்டு ஓர் இரவு அப்படியே விட்டால் அதே நட் அடுத்த நாள் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்து வண்டிகளுக்கு வெயில் கிடைப்பதே அபூர்வம். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, மற்ற நாட்களில் மூடுபனி, தோட்டத்து ரோட்டில் எப்போதும் சேறு. அந்த ஈரம் மரைக்குள் போய்த் துருவாகிறது. துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் மரை இடுக்கு முழுவதும் அடைத்துக்கொள்கிறது. கம்பி பிரஷ் போட்டு வெளியே தெரியும் மரையையும் நட்டின் அடியையும் பளிச்சென்று ஆகும்வரை தேயுங்கள், அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

இனி பூட்டைப் பாருங்கள், அதாவது நட் தானாகத் தளராமல் பிடித்து வைப்பதை. சில வண்டிகளில் மேலே பள்ளம் வெட்டிய நட், குறுக்கே ஸ்பிலிட் பின். பின்னின் கால்களை நிமிர்த்தி இழுத்தால் வந்துவிடும், வராவிட்டால் வெட்டி எடுங்கள், அது எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டும். முன் சக்கரம் இழுக்கும் சின்ன கார்கள் பலவற்றில் பின் இருக்காது, நட்டின் மெல்லிய விளிம்பை ஆக்சிலில் உள்ள பள்ளத்துக்குள் அடித்து இறக்கி வைத்திருப்பார்கள். இதைக் கவனிக்காமல் திருப்பினால் அந்த விளிம்பு மரையைச் சீவிக்கொண்டே வரும், நட் போவது பரவாயில்லை, ஆக்சிலின் மரையே போய்விடும், அதற்கு மருந்து புது ஆக்சில்தான். மெல்லிய உளியைப் பள்ளத்துக்குள் சாய்த்து வைத்துச் சின்னச் சின்ன அடியாக விளிம்பை மேலே தூக்குங்கள். முழுவதும் எழும்பியதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். பின் சக்கரம் இழுக்கும் பழைய வேன்களின் முன் ஹப் நட், பெயாரிங்கைச் சரியாகப் பிடித்து வைப்பதற்கு மட்டும்தான், அதைப் போடும்போதே இறுக்கிப் பிறகு கொஞ்சம் தளர்த்தித்தான் ஸ்பிலிட் பின்னை அடிப்பார்கள். அந்த நட் இறுகிக் கிடந்தால் உள்ளே பெயாரிங் போயிருக்கலாம், ஆகவே பைப் போடுவதற்கு முன் சக்கரத்தைச் சுற்றிச் சத்தம் கேளுங்கள். கார்களின் ஆக்சில் நட் வேறு கதை. பெரும்பாலும் 150 முதல் 250 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கியிருப்பார்கள், வண்டிக்கு வண்டி மாறும்.

ஊடுருவும் ஒயிலை மரையும் நட்டும் சேரும் இடத்தில் விடுங்கள், பிரேக் தட்டிலும் பேடிலும் பட விடாதீர்கள். கிடைக்காவிட்டால் ஒட்டோமெட்டிக் கியர் ஒயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து விடலாம், ஆனால் அது சட்டென்று தீப்பிடிக்கும். விட்டதும் நட்டின் பக்கங்களில் சுத்தியலால் நாலைந்து முறை தட்டுங்கள், ஆக்சிலின் நுனியில் வேண்டாம். அதிர்ச்சியில் துரு வெடித்து ஒயில் உள்ளே இறங்கும். மாலையில் ஒருமுறை, படுக்கப் போகும் முன் ஒருமுறை, காலையில் ஒருமுறை.

இப்போது இடம். நம் பக்கம் சமதரை என்பதே பெரிய சொத்து, லயத்து முற்றம்கூடச் சரிவுதான். கோயில் முன்னாலோ மைதானத்திலோ சமமான இடம் பார்த்து வண்டியை நிறுத்துங்கள், சரிவில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். வேலை பார்க்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். நட்டை முதலில் அசைப்பது சக்கரம் தரையில் இருக்கும்போதுதான், நடு மூடியைக் கழற்றினால் பல வண்டிகளில் சொக்கட் உள்ளே போகும். ஹேண்ட்பிரேக் பெரும்பாலும் பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும், அதனால் முன் நட் என்றால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து கால் பிரேக்கை நன்றாக மிதிக்க வேண்டும். நட் லேசாகத் தளர்ந்ததும் நிறுத்துங்கள், முழுவதும் கழற்றிவிட்டு வண்டியின் பாரம் பெயாரிங்கில் நிற்கவோ உருளவோ விட்டால் பெயாரிங் கெடும். மிச்சத்தை ஜாக் போட்டு, ஸ்டாண்ட் வைத்த பிறகு கழற்றுங்கள். ஈரமண்ணில் ஜாக்கின் அடியில் தடித்த பலகை வையுங்கள். சீமெந்துக் கல்லை ஸ்டாண்டாக நம்பாதீர்கள், அது திடீரென்று பிளக்கும்.

ஆறு முனை நட்டுக்கு ஆறு முனைச் சொக்கட்தான் வேண்டும், பன்னிரண்டு முனைச் சொக்கட் அதை மழுங்க வைத்துவிடும். பல கார்களுக்கு 30 அல்லது 32 மில்லிமீட்டர் வரும், அளந்து பார்த்து வாங்குங்கள். சொக்கட்டைத் திருப்பும் பாரின் சதுர முனை முக்கால் அங்குலமாக இருந்தால் நிம்மதி. ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 60 கிலோ ஆளின் முழுப் பாரமும் இறங்கினால் ஏறக்குறைய 590 நியூட்டன் மீட்டர் வருகிறது, அரை அங்குலப் பார் அங்கே முறிந்தால் ஆள் விழுவார். பாரை உங்கள் இடது பக்கம் நீட்டி, கொஞ்சம் மேல் நோக்கி வைத்து, கீழே அழுத்துங்கள். சொக்கட்டுக்கு வெளியே பாரின் அடியில் ஒரு ஸ்டாண்டை முட்டுக் கொடுத்தால் சொக்கட் சாயாது. பழைய லொறிகள் சிலவற்றில் இடது மரை, அதாவது எதிர்ப்பக்கம் திருப்பிக் கழற்றும் மரை, இருக்கும், வெளியே நீட்டிய மரையைச் சாதாரண போல்ட் ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கையில் படும் உணர்வைக் கவனியுங்கள். பார் வளைந்து திரும்பி வந்தால் நட் இன்னும் அசையவில்லை. டக் என்று ஒரு சத்தம் வந்தால் விட்டது. அதன் பிறகு கிறீச்சிட்டுக்கொண்டு இறுகினால் அரைச் சுற்று திரும்ப இறுக்கி, ஒயில் விட்டு, மறுபடி கழற்றுங்கள்.

இத்தனைக்கும் அசையாவிட்டால் சூடு. ஒயிலையும் கிரீஸையும் முழுக்கத் துடைத்துவிட்டு நட்டை மட்டும், நட்டின் பக்கங்களை மட்டும் நெருப்பு வரும் கேஸ் டோர்ச்சால் சூடாக்குங்கள். 30 மில்லிமீட்டர் இரும்பு 200 பாகை சூடேறினால் தலைமுடிப் பருமனளவு, 0.07 மில்லிமீட்டர்தான் விரியும், அந்தக் கொஞ்சமே போதும். பக்கத்தில் ரப்பர் உறையும் ஒயில் சீலும் இருப்பதால் அதிகம் வேண்டாம், சிவக்கும்வரை போகவே கூடாது, தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கவும் கூடாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பு காட்டாதீர்கள், பொஸ்ஜீன் என்ற விஷவாயு வரும்.

பக்கத்து டவுன் டயர்க் கடையில் காற்றழுத்தத்தில் நட் கழற்றும் கன் இருந்தால் அது இவ்வளவையும் ஒரு நிமிடத்தில் முடிக்கும், அதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அங்கேயே தளர்த்தி, சரியான அளவுக்குத் திரும்ப இறுக்கி, வீட்டுக்கு வந்து வேலையைச் செய்யலாம். கடைசி வழி நட்டை வெட்டுவது. கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு பக்கத்தில் வரிசையாகத் துளை போட்டு, மரையைத் தொடாமல் உளியால் பிளக்கலாம்.

திரும்பப் போடும்போது புது நட், புது பின், மரைக்குத் தயாரிப்பாளர் சொன்ன முறை, இறுக்கத்தை அளக்கும் டோர்க் ரென்ச் வைத்து வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கம். விளிம்பு அடிக்கும் வகை என்றால் மழுங்கிய உளியால் பள்ளத்துக்குள் இறக்குங்கள், கூரானது கிழித்துவிடும்.