அடுத்த ஆண்டு டிவி கணிப்புகள்: தோட்டத்து டவுனில் இருந்துகொண்டு சலித்தெடுக்கும் முறை

டிசம்பர் பிறந்தால் போதும், தொலைக்காட்சித் துறை அடுத்த ஆண்டு எப்படி இருக்கும் என்று ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். தட்டு டிவிக்கு, அதாவது செயற்கைக்கோளில் இருந்து கூரைத் தட்டு வழியாக வரும் டிவிக்கு, ஆயுள் முடிந்தது, எல்லாம் இணையத்துக்குப் போகிறது, 4கேயைவிடக் கூர்மையான 8கே திரை வருகிறது, விளம்பரம் பெருகப் போகிறது. இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் வீட்டு வாசல் வரை ஃபைபர் இணையம் வந்துவிட்ட நகரத்தில் இருப்பவர்கள். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா மாதிரி, இன்னும் பல பெரியவர்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும், சுற்றிலும் செம்பனை சூழ்ந்த டவுனில் அதே கணிப்புக்கு வேறு கணக்கு உண்டு. அதை நம்பிப் புது டிவி வாங்குவதா, தட்டைக் கழற்றுவதா, ஈராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா என்று முடிவெடுக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம்.

எந்தக் கணிப்பைக் கேட்டாலும் முதலில் ஒரு கேள்வி: இது எந்த ஆணியில் தொங்குகிறது? ஆணி நான்கு வகைதான். அலை வந்து சேரும் வழி, நிகழ்ச்சி உரிமம், காசு, கருவி. ஆணியே இல்லாத கணிப்பை அங்கேயே விட்டுவிடலாம்.

பழைய கணிப்புகள் என்ன ஆயின

2010-இல் முப்பரிமாண டிவிதான் எதிர்காலம் என்றார்கள். 2017 வாக்கில் எல்ஜியும் சோனியும்கூட அதைக் கைவிட்டன. அது கருவி ஆணியில் மட்டும் தொங்கியது. பார்க்க நிகழ்ச்சி இல்லை, கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார வீட்டில் யாருக்கும் பொறுமையும் இல்லை. நம் நாட்டிலேயே தொடங்கிய ஐஃபிளிக்ஸ் என்ற இணையப் படத் தளம் ஆசியா முழுவதும் விரியும் என்றார்கள். 2020-இல் அதைச் சீன நிறுவனம் டென்சென்ட் வாங்கிக்கொண்டது. அங்கே இற்றுப்போனது காசு ஆணி.

அலைவரிசைக் கணிப்பு மட்டும் நடந்தே தீரும், ஆனால் தாமதமாக நடக்கும். பழைய அனலாக் ஒளிபரப்பு 2015-இலேயே நிற்கும் என்று முதலில் பேசப்பட்டது. நாடு முழுவதும் நிறைவடைந்தது 2019 அக்டோபர் 31-இல்தான். அந்த அலைவரிசையின் ஒரு பகுதி கைப்பேசிச் சேவைக்குத் தேவைப்பட்டது. அரசும் உரிமமும் பணமும் ஒரே பக்கம் இழுக்கும்போது வேலை முடிந்துவிடுகிறது, தேதிதான் நழுவுகிறது. ஆகவே இந்த வகைக் கணிப்பில் ‘நடக்கும்’ என்பதை நம்புங்கள், ‘எப்போது’ என்பதோடு ஓரிரு ஆண்டு கூட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு எது வருகிறது என்று அளப்பது

நாங்கள் அதிக நேரம் செலவிடச் சொல்வது இங்கேதான். ஒரு சனிக்கிழமையும் மூன்று இரவுகளும் போதும்.

முதலில் மைஃப்ரீவியூ. மாதக் கட்டணம் இல்லாத தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு இது. டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில், 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரையிலான யூஎச்எஃப் அலையில் வருகிறது. டிவி அமைப்புப் பட்டியலில் இரண்டு எண்கள் தெரியும்: சிக்னல் வலிமை, சிக்னல் தரம். பலர் வலிமையைப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். பார்க்க வேண்டியது தரம். டிஜிட்டலில் அனலாக் மாதிரி மெல்ல மெல்லப் புள்ளி விழாது. தரம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் படம் கட்டம் கட்டமாக உடைந்து ஒரேயடியாக நின்றுவிடும்.

செம்பனைதான் இங்கே பெரிய தடை. ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு செய்கிறார்கள். கன்று நட்ட புதிதில் தெளிவாக வந்த அலை, மரம் வளர வளர மங்கும். ஈரமான ஓலை அலையை இன்னும் அதிகமாக விழுங்கும். மழை நின்று ஒரு மணி நேரம் ஆகியும் படம் சரியாகவில்லை என்றால் காரணம் வானத்தில் இல்லை, ஓலையில். ஆண்டெனாவை மரத்தலைக்கு மேலே ஏற்றுவதுதான் முதல் வைத்தியம். ஒரு மீட்டர் உயர்த்தினாலே தரம் மாறுவது உண்டு. திசைக்கு, படம் நன்றாக வரும் அண்டை வீட்டின் ஆண்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது, அதன் கம்பிகள் கிடையாக உள்ளனவா நெடுக்காக உள்ளனவா என்று பார்த்து அதேபோல் வையுங்கள். பிறகு ஐந்து ஐந்து டிகிரியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் பத்து விநாடி பொறுத்துத் தர எண்ணைக் குறியுங்கள்.

கேபிள் 75 ஓம் ஆர்ஜி6 வகையாக இருக்கட்டும். இந்த அலைவரிசையில் 20 மீட்டருக்குச் சுமார் 4 டெசிபல் (சிக்னலை அளக்கும் அலகு) இழப்பு. இரண்டு டிவிக்குப் பிரித்தால் இன்னொரு 3.5 டெசிபல் போகும். உடனே சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கி டிவிக்குப் பின்னால் மாட்டுவார்கள். அங்கே மாட்டினால் வழியில் சேர்ந்த இரைச்சலும் சேர்ந்தே பெருகும். பூஸ்டர் ஆண்டெனாவுக்கு அடியில், கம்பத்திலேயே இருக்க வேண்டும். டவர் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு அது கூடவே கூடாது. அலை நிரம்பி வழிந்து, வந்த சேனலும் காணாமல் போகும். இணைப்பு முனைக்கு ரப்பர் டேப் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிப் போகும், சுவருக்குள் வராது.

அடுத்தது தட்டு. ஆஸ்ட்ரோ, என்ஜோய் என்ற தட்டு டிவிச் சேவைகள் கிழக்கு 91.5 டிகிரியில் நிற்கும் மியாசாட் செயற்கைக்கோள்களில் இருந்து வருகின்றன. பெஸ்தாரி ஜெயாவில் இருந்து அது மேற்குத் தென்மேற்கில், ஏறக்குறைய 78 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சி வானில் இருக்கிறது. எனவே பக்கத்துச் செம்பனை தட்டை அவ்வளவாக மறைக்காது. கூரைக்கு மேலே சாய்ந்த மாமரக் கிளை மறைக்கும்.

‘தட்டு டிவி அடுத்த ஆண்டே போய்விடும்’ என்ற கணிப்பை இங்கே வைத்து எடை போடுங்கள். 2021 ஜூனில் மியாசாட்-3 பழுதானபோது மற்ற செயற்கைக்கோள்கள் அதன் வேலையை ஏற்றுக்கொண்டன. 2022 ஜூனில் மியாசாட்-3டி ஏவப்பட்டது. இப்படிப்பட்ட செயற்கைக்கோள் 15 ஆண்டுக்குக் குறையாமல் உழைக்கும்படி செய்யப்படுவது. அவ்வளவு முதல் போட்டு மேலே ஏற்றியதை யாரும் அடுத்த ஆண்டே அணைத்துவிட மாட்டார்கள். சந்தாதாரர் குறையலாம், சேனல் குறையலாம், கட்டணம் மாறலாம், அலை நிற்காது.

மழையில் படம் போவது வேறு விஷயம். தட்டுக்கு வரும் கேயூ அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். கொட்டும் மழைத்துளி அதைச் சிதறடிக்கும். மேற்குக் கரையில் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களின் மாலை இடிமழை நாடக நேரத்தையே பிடிக்கும். 60 சென்டிமீட்டர் தட்டை 90 ஆக்கினால் சுமார் 3.5 டெசிபல் கூடும். தூறலுக்கு அது தாங்கும், அடைமழைக்குத் தாங்காது. அந்தச் செலவை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மாறாக, வெயில் அடிக்கும் நாளில் தர எண்ணைப் பாருங்கள். அப்போதே குறைவாக இருந்தால் தட்டு திசை நழுவியிருக்கிறது அல்லது தட்டுக்கு முன்னால் நிற்கும் அலைவாங்கியான எல்என்பியின் முனையில் நீர் புகுந்திருக்கிறது. அதைச் சரி செய்தாலே பாதி மழையைப் படம் தாங்கும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சில நாள்கள் பிற்பகல் 2 மணி வாக்கில் சில நிமிடம் படம் போனால் பதற வேண்டாம். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது. ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்காதீர்கள்.

மூன்றாவது இணையம். வேகத்தைக் காலை 10 மணிக்குச் சோதித்துவிட்டு ‘லைன் நல்லா இருக்கு’ என்று சொல்வது தவறு. ஊரே டிவி முன் உட்காரும் இரவு 8-இல் இருந்து 10 வரை, மூன்று இரவுகள், அரை மணிக்கு ஒருமுறை சோதித்து, வந்ததில் மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 எம்பிபிஎஸ் நிலையாக வேண்டும். கைப்பேசி சிம் போட்ட மோடம் என்றால் டேட்டா கணக்கும் போடுங்கள். 5 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 2.25 ஜிபி, நாளுக்கு 3 மணி நேரம் பார்த்தால் மாதம் சுமார் 200 ஜிபி. 4கே என்றால் 600 ஜிபியைத் தாண்டும். ‘எல்லாம் இணையத்துக்குப் போகிறது’ என்ற கணிப்பு உங்கள் வீட்டுக்கு உண்மையா என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

ஃபைபர் வருமா என்பதைத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருப்பவரும் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருப்பவரும் தனித்தனியாகக் கணிக்க வேண்டும். தோட்ட நிலம் கம்பெனிக்குச் சொந்தம். கம்பம் நட, கேபிள் இழுக்க அவர்கள் அனுமதி வேண்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தாமானுக்கு வந்ததால் இந்தப் பக்கம் லயத்துக்கும் அடுத்த மாதம் வந்துவிடும் என்று எண்ணி இருக்கும் சந்தாவை நிறுத்தாதீர்கள். உங்கள் வீட்டு முகவரியைப் போட்டுத் தேடும்போது ‘கிடைக்கும்’ என்று வர வேண்டும். பக்கத்து வீட்டு முகவரி கணக்கில் சேராது.

தமிழ் நிகழ்ச்சி எங்கே போகும்

வீட்டில் ஒரு தாளை எடுத்து, போன மாதம் உண்மையில் யார் எதைப் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். அம்மாவுக்குச் சன் டிவி நாடகம், அப்பாவுக்கு டிவி2 தமிழ்ச் செய்தி, பிள்ளைகளுக்குப் பந்து, எல்லோருக்கும் பொங்கல், தீபாவளிச் சிறப்புப் படம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது வரும் வழியை எழுதுங்கள். அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் டிவி2 செய்தி இலவச அலையிலும் அவர்களுடைய ஆர்டிஎம் கிளிக் செயலியிலும் வருகிறது. அதற்காக மாதம் காசு கட்டத் தேவையில்லை. வானவில், விண்மீன் சேனல்களின் நிகழ்ச்சி ஆஸ்ட்ரோவுடையது. நாடகத்தின் உரிமம் யாரிடம் இருக்கிறதோ அங்கேதான் அதைப் பார்க்க முடியும். தமிழ்ப் படம் திரைக்கு வந்த சில வாரங்களில் இணையத்துக்கு வருவது வழக்கம். ஆனால் இந்திய உரிமமும் மலேசிய உரிமமும் ஒன்றல்ல. இந்தியச் செய்தியில் ‘இந்தத் தளத்தில் வருகிறது’ என்று படித்ததும் இங்கே சந்தா கட்டி ஏமாறுவோர் பலர். மலேசியக் கணக்கில் அந்தப் படத்தின் பக்கம் திறக்கிறதா என்று பார்த்த பிறகே காசு கட்டுங்கள்.

விளையாட்டுக் கணிப்பு எளிது; நாட்காட்டியே சொல்லிவிடும். இரட்டைப்படை ஆண்டுகள் கனமானவை: 2026-இல் 48 அணிகளும் 104 ஆட்டங்களும் கொண்ட உலகக் கிண்ணம், 2028-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். இரண்டும் அமெரிக்கக் கண்டத்தில் நடப்பதால் நம் ஊரில் நள்ளிரவில் இருந்து காலை வரை ஆட்டம் ஓடும். பால் மரத்துக்கும் செம்பனைக்கும் விடிகாலையில் வேலைக்குப் போகும் வீட்டில் எத்தனை ஆட்டம் பார்ப்பார்கள் என்று எண்ணிப் பார்த்து விளையாட்டுச் சேனல் பொதி எடுங்கள். நேரடி ஆட்டத்தில் இன்னொன்று: இணையம் வழி வருவது தட்டில் வருவதைவிடப் பொதுவாக அரை நிமிடம்போலப் பின்தங்கும். பக்கத்து வீட்டில் கோல் என்று கத்திய பிறகுதான் உங்கள் திரையில் பந்து உதைபடும்.

புது டிவி

8கே கணிப்பைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். 43 அங்குலத் திரையில் முழு எச்டி புள்ளி அரை மில்லிமீட்டர். சராசரிக் கண்ணுக்கு 1.7 மீட்டருக்கு அப்பால் அந்தப் புள்ளி தனியாகத் தெரியாது. 55 அங்குலத்துக்கு அந்தத் தூரம் சுமார் 2.2 மீட்டர். நம் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் இருந்து திரை வரை டேப் பிடித்து அளந்தால் பெரும்பாலும் இரண்டரை, மூன்று மீட்டர் வரும். அங்கே 4கே கொடுக்கும் கூடுதல் கூர்மையே கண்ணில் படாது, 8கே எங்கே படும்? வாங்கும்போது டிவிபி-டி2 உள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சரக்காக மலிவில் வருவதில் இது இல்லாமல் போகும். திரை நல்ல நிலையில் இருந்து செயலிகள் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் டிவியை மாற்றாதீர்கள். எச்டிஎம்ஐ துளையில் மாட்டும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போதும்.

இடி மின்னல் நேரத்தில் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. ஆண்டெனா கேபிளையும் மோடம் கேபிளையும் கழற்றுங்கள். டிவி கருகுவது பல வீடுகளில் அந்த வழியாகத்தான்.

கணிப்புத் தாள்

காசு ஆணியைச் சோதிக்க இந்தத் தாள்தான் வழி. வெளிநாட்டு இணையச் சேவைகளுக்கான வரி 2020 ஜனவரியில் 6 விழுக்காடாகத் தொடங்கி 2024 மார்ச்சில் 8 ஆனது. எழுதிய விலையோடு இதையும் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சந்தாவுக்கும் ஒப்பந்தம் முடியும் தேதி, மாதம் கட்டும் வெள்ளி (ரிங்கிட்), போன மாதம் பார்த்த மணி நேரம் மூன்றையும் எழுதி, வெள்ளியை மணியால் வகுங்கள். மணிக்கு ஐந்து வெள்ளிக்கு மேல் வருவதை நிறுத்தி, வேண்டிய மாதம் மட்டும் எடுங்கள்.

அதே தாளின் பின்பக்கம் உங்கள் சொந்தக் கணிப்புகளை விழுக்காட்டோடு எழுதுங்கள். எங்கள் மதிப்பீடு இது: அடுத்த ஆண்டு முழுவதும் தட்டு டிவி ஓடும் (97 விழுக்காடு); இலவச டிஜிட்டல் ஒளிபரப்பு தொடரும் (97); நீங்கள் கட்டும் சந்தாக்களில் ஒன்றாவது விலை ஏறும் அல்லது விளம்பரம் சேர்க்கும் (75); இப்போது ஃபைபர் இல்லாத லயத்துக்கு ஆண்டுக்குள் அது வரும் (20). கடைசி எண்ணை உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். ரோட்டோரம் புதுக் கம்பம் நட்டிருந்தால் 50 போடலாம். ‘விலை ஏறலாம்’ என்று எழுதாதீர்கள். ‘டிசம்பர் 31-க்குள் மாதம் இரண்டு வெள்ளியாவது ஏறும்’ என்று எழுதினால்தான் பிறகு சரியா தவறா என்று சொல்ல முடியும். தாளை டிவிக்குப் பின்சுவரில் ஒட்டி, ஜூன் கடைசியில் ஒருமுறையும், ஒவ்வொரு ஒப்பந்தமும் முடிவதற்கு 30 நாள் முன்பும் எடுத்துப் பாருங்கள். தானாகப் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தை நிறுத்த அந்த 30 நாள் வேண்டியிருக்கும்.