சுவரை இடிக்கும் முன்: வீட்டு மாற்றத்துக்கான நிதியுதவியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பா வெள்ளிக்கிழமை வீடு திரும்பலாம் என்று மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமை சொன்னார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குச் சக்கர நாற்காலிதான். புதன்கிழமை காலையிலேயே ஆள் பிடித்து, குளியலறைக் கதவின் நிலையைப் பெயர்த்து, வாசலை அகலப்படுத்திவிட்டோம். அவர் வந்து சேர்ந்த பிறகு ஆற அமர உட்கார்ந்து நிதியுதவிக்கு விண்ணப்பித்தோம். ஒப்புதலுக்கு முன்பே முடிந்துவிட்ட வேலைக்கு உதவி இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. தகுதி இருந்தது, தேவை இருந்தது, ரசீதும் இருந்தது. வரிசையில்தான் கோட்டைவிட்டோம்.

அன்று கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அந்த விதியில் நியாயம் தெரிகிறது. பழைய வாசல் எவ்வளவு குறுகலாக இருந்தது என்பதை நேரில் பார்க்காமல், அதை அகலப்படுத்துவது அவசியமா இல்லையா என்று பணம் கொடுப்பவர் எப்படி முடிவு செய்வார்? அதனால்தான் அரசுத் திட்டமோ, அறக்கட்டளையோ, காப்பீடோ, பெரும்பாலும் எல்லாவற்றிலும் நடைமுறை ஒன்றாகவே இருக்கிறது. முதலில் விண்ணப்பம், பிறகு நேரில் வந்து பார்ப்பது, பிறகு எழுத்துபூர்வமான ஒப்புதல், அதற்கும் பிறகுதான் கொத்தனார். முன்பணம் கொடுத்துவிட்டாலே வேலை தொடங்கியதாக எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. “நிச்சயம் கிடைத்துவிடும், நீங்கள் ஆரம்பியுங்கள்” என்று தொலைபேசியில் யாராவது சொன்னால் அதை ஒப்புதலாகக் கொள்ள வேண்டாம்.

உண்மையிலேயே அவசரம் என்றால் அதையும் எழுதிக் கேளுங்கள். வீடு திரும்பும் தேதி குறித்த மருத்துவமனைக் கடிதத்தை இணைத்தால், விண்ணப்பத்தை முன்கூட்டியே எடுத்துப் பார்க்க வழி இருக்கலாம். அதுவரை கமோடு நாற்காலி, கழற்றி மாட்டும் சாய்தளம், குளிப்பதற்கான உயரமான இருக்கை ஆகியவற்றை இரவலாகவோ வாடகைக்கோ வாங்கிச் சில வாரங்களை ஓட்டிவிடலாம். இவற்றுக்காகச் சுவரைத் தொட வேண்டியதில்லை.

‘சமாளித்துக்கொள்கிறார்’ என்ற சொல்

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: தனியாகக் குளிக்க முடியுமா? “முடியும் என்று எழுது, பக்கத்தில் ஆள் இருந்தால் போதும்” என்றார் அம்மா. நானும் அப்படியே எழுதினேன். நடந்ததோ வேறு. நாற்காலியை வாசலோடு நிறுத்திவிட்டு, இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, ஈரத் தரையில் அவரை நகர்த்தி ஸ்டூலில் உட்கார வைப்போம். முடிவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆள் இல்லாத நாளில் ஈரத் துணியால் துடைத்துவிடுவதோடு சரி. ஒரு முறை மூன்று பேருமே வழுக்கிச் சுவரில் சாய்ந்தோம்.

அம்மா சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்தப் பதிலைப் படிக்கும் அதிகாரிக்கு உதவி கொடுக்க ஒரு காரணமும் கிடைக்காது. வீட்டின் கஷ்டத்தை வெளியாளிடம் சொல்லக் கூடாது என்று வளர்ந்த நமக்கு இந்தப் படிவங்கள் பெரிய சோதனைதான். உடம்பு ஒத்துழைக்கும் நாளை வைத்து எழுதாதீர்கள். ஒத்துழைக்காத நாளையும் எழுதுங்கள். எத்தனை பேர் தேவைப்படுகிறார்கள், எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை முறை விழுந்தார், எதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார் என்று ஒரு வாரம் நோட்டில் குறித்துவைத்தாலே படிவம் தானாக நிரம்பிவிடும். மிகைப்படுத்தவும் வேண்டாம். நேரில் வந்து பார்க்கிறவருக்குப் படிவத்தில் உள்ளதும் கண்ணில் படுவதும் ஒத்துப்போக வேண்டும்.

இதில் கை நீட்டுகிறோம் என்ற கூச்சமும் வேண்டாம். 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 28-ஆம் பிரிவு, போதுமான வீட்டுவசதி உட்பட, கண்ணியமாக வாழும் தரத்தை உரிமை என்றே சொல்கிறது.

அளக்காமல் கேட்பது

வாசலில் மூன்று படி. ‘சாய்தளம் போட உதவி வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம். ஒரு படி 15 செ.மீ. என்றால் மொத்த உயரம் 45 செ.மீ. பரவலாக ஏற்கப்பட்ட விகிதம் 1:12, அதாவது ஒரு செ.மீ. ஏற 12 செ.மீ. நீளம் வேண்டும். ஆகவே சாய்தளம் மட்டும் 540 செ.மீ. மேலேயும் கீழேயும் நாற்காலி நின்று திரும்ப 150 செ.மீ. சமதளம் சேர்த்தால் 840 செ.மீ. வாசலுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே மூன்று மீட்டர்தான் இருக்கிறது என்றால் என்ன நடக்கும்? மேஸ்திரி இருக்கிற இடத்துக்குள் செங்குத்தாக ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிடுவார். பார்க்கச் சாய்தளம் மாதிரியே இருக்கும். ஏற்றித் தள்ள இரண்டு பேர் வேண்டும், இறங்கும்போது பயம் வேறு. உதவித்தொகையும் அதோடு தீர்ந்துவிடும்.

அதனால் பொருளைக் கேட்காதீர்கள், தேவையைச் சொல்லுங்கள். ‘துணை இல்லாமல் வீட்டுக்குள் வரவும் போகவும் வேண்டும்’ என்று சொன்னால், சாய்தளத்தை வளைத்துக் கட்டலாமா, பக்கவாட்டுக் கதவைப் பயன்படுத்தலாமா, நாற்காலியோடு ஏற்றி இறக்கும் சிறிய மேடை வைக்கலாமா என்று பார்க்க இடம் இருக்கும். இதைப் பார்த்துச் சொல்லத் தகுந்தவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளை ஒருவர் தானே செய்துகொள்ள வழிகாட்டும் நிபுணர். அவருடைய அறிக்கையைக் கட்டாயமாகக் கேட்கும் திட்டங்களும் உண்டு. கேட்காவிட்டாலும் வாங்கி இணையுங்கள்.

கதவு விஷயத்தில் எல்லோரும் ஒரே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். 80 செ.மீ. கதவு வாங்கினால் 80 செ.மீ. வழி கிடைத்துவிடாது. கதவைத் திறந்து வைத்த பின் அதன் தடிமனும் கீலும் போக மிச்சம் இருக்கும் இடைவெளிதான் கணக்கு. அந்த இடைவெளியே குறைந்தது 80 செ.மீ. இருக்க வேண்டும், 90 இருந்தால் கை முட்டிகள் தப்பும்.

கைப்பிடிக் கம்பிகளும் இதே கதைதான். டைல்ஸ் மீது குட்டித் திருகாணிகளால் பொருத்திய கம்பி, துண்டு காயப் போட உதவும். விழப்போகும் ஒருவரின் முழு எடையைத் தாங்க வேண்டுமென்றால் உறுதியான சுவர் அல்லது டைல்ஸுக்குப் பின்னால் ஒரு தாங்கல் பலகை இருக்க வேண்டும். சுவரைத் திறந்திருக்கும்போதே, இப்போது கம்பி தேவைப்படாத இடத்திலும் அந்தத் தாங்கலை வைத்துவிடுங்கள். நாளுக்கு நாள் மோசமாகும் நோய் என்றால், இன்றைக்கு ஊன்றுகோலோடு நடப்பவருக்கு நாளை நாற்காலி தேவைப்படலாம் என்பதை மருத்துவச் சான்றிதழிலேயே எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது முறை விண்ணப்பித்தால் உடனே கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

பணம், கையெழுத்து

‘குளியலறை வேலை, மொத்தம் இவ்வளவு’ என்ற ஒற்றை வரி மதிப்பீடு விண்ணப்பத்தைக் கவிழ்க்கப் போதும். கதவு, தரை, குழாய், கம்பி, கூலி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இந்தச் சாக்கில் சமையலறைக்கும் டைல்ஸ் போட்டுவிடலாம் என்று ஆசை வந்தால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் தனி பில்லில். ஒரே பில்லில் கலந்தால் நியாயமான தொகைக்கும் சேர்த்துக் கேள்வி வரும். சுவரை உடைத்த பிறகுதான் தெரியும் பழைய குழாய்களின் லட்சணம். ஒப்புதல் வந்த தொகைக்கு மேல் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

ஒரு கதவை மட்டும் தட்டிவிட்டு நிற்பதும் தவறு. அரசு நலத்துறை, உள்ளாட்சி, வேலை செய்த நிறுவனம், தொழிலாளர் நல நிதி, விபத்துக் காப்பீடு, அந்தந்த நோய்க்கான சங்கங்கள், வரிச் சலுகை என்று பல இடங்கள் உண்டு. ஒரே கம்பிக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது. ஒருவர் கதவுக்கும் இன்னொருவர் தரைக்கும் கொடுப்பதில் பெரும்பாலும் தடை இருக்காது. எதையும் மறைக்காமல் இரண்டு பேருக்கும் தெரிவித்துவிடுங்கள்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். காலி செய்யும்போது பழையபடி ஆக்கித் தர வேண்டுமா என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். சொந்த வீடு என்றால், சில ஆண்டுகளுக்குள் விற்றால் உதவித்தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றி இறக்கும் மேடை, மின் லிஃப்ட் போன்றவற்றைப் பொருத்தித் தருபவரே பராமரிப்புச் செலவையும் ஏற்பார் என்று நினைத்துவிடாதீர்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு இருக்கும். அது கடிதத்தின் தேதியிலிருந்தா, கையில் கிடைத்த நாளிலிருந்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உறையையும் எறிய வேண்டாம்.

வாசலுக்கு எங்களுக்குக் கிடைக்கவில்லை. குளியலறைத் தரைக்கு வரிசைப்படி விண்ணப்பித்தோம், கிடைத்தது. வேலை முடிந்த அன்று மாலை, முடிந்ததாகச் சான்றுக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். அப்பா கையெழுத்துப் போடவில்லை. “நான் குளித்துப் பார்க்கிறேன்” என்றார். நாற்காலியை உள்ளே தள்ளி, அவரே எட்டிக் குழாயைத் திறந்தார். வாட்டம் தவறாக இருந்ததால் தண்ணீர் வடிகாலை விட்டுவிட்டு, அகலப்படுத்திய வாசல் வழியாக நேராகக் கூடத்துக்கு ஓடியது. கடைசித் தவணை இன்னும் கொடுபடாததால் மறுநாள் காலை ஏழு மணிக்கே கொத்தனார் வந்து தரையைப் பெயர்க்க ஆரம்பித்துவிட்டார்.