தனுஷ்கோடிக்கு சைக்கிளில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம் கோயிலில் இருந்து தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மேடு பள்ளம் கிடையாது. வழியில் வரும் முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து கடைசி முனை வரை 2017இல் திறக்கப்பட்ட நல்ல தார்ச்சாலை. வாரக்கடைசியில் சைக்கிள் ஓட்டுகிற எவரும் இதைப் பார்த்துவிட்டு, "போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், நடுவில் கடற்கரையில் கொஞ்சம் நடை, அவ்வளவுதானே" என்றுதான் கணக்குப் போடுவார்கள். தனுஷ்கோடிப் பயணத்தில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கில்தான் தொடங்குகின்றன. அங்கே கிலோமீட்டரை யாரும் எண்ண வேண்டியதில்லை. வெயிலையும் காற்றையும் மணலையும் பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும்.

முதலில் நேரம். ராமேஸ்வரம் வருகிறவர்கள் காலையில் அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்து, டிபன் சாப்பிட்டுவிட்டு 10 மணிக்கு மேல்தான் தனுஷ்கோடிக்குக் கிளம்புவது வழக்கம். வேனில் போகிறவர்களுக்கு அது சரி. சைக்கிளுக்கு ஒத்துவராது. ஊரைத் தாண்டியதும் கொஞ்ச தூரம் உடைமரமும் சவுக்கும் வரும். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் கடல், நடுவில் கறுப்புத் தார். மேலிருந்தும் சூடு, கீழிருந்தும் சூடு, போதாததற்கு மணலிலும் தண்ணீரிலும் பட்டுக் கண்ணில் அடிக்கிற வெளிச்சம். கடல்காற்று வியர்வையை அப்போதைக்கப்போதே காயவைத்துவிடுவதால் உடம்பு எவ்வளவு தண்ணீரை இழக்கிறது என்பதும் தெரியாது. தலைவலி வந்த பிறகுதான் புரியும்.

அதனால் முந்தின நாளே ராமேஸ்வரத்தில் தங்கி, விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். கோயிலுக்கு வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். போகிற வழியில் சோதனைச் சாவடி உண்டு. இருட்டிய பிறகு உள்ளே விடமாட்டார்கள், உள்ளே இருப்பவர்களையும் மாலையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நேரம் அவ்வப்போது மாறுவதால் முதல் நாளே விசாரித்துக்கொள்வது நல்லது. 11 மணிக்குள் ஊர் திரும்ப முடியவில்லை என்றால் அவசரப்பட்டு நடுவெயிலில் மிதிக்க வேண்டாம். தனுஷ்கோடியில் உள்ள கீற்றுக்கொட்டகைக் கடைகளில் மீன் சாப்பிட்டுவிட்டு, மூன்றரை மணி வரை அங்கேயே நிழலில் உட்காருங்கள்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டராவது கையில் இருக்க வேண்டும். காலையில் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தனுஷ்கோடியில் வாழும் மீனவக் குடும்பங்கள் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுப்பார்கள். கொஞ்ச ஆழம்தான், ஆனால் உப்புக் கரிக்காது. மணலில் இறங்கிய மழைநீர், கடல்நீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் தங்கி நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். அதனால் கால் கழுவவும் சைக்கிள் கழுவவும் அந்தத் தண்ணீரைக் கேட்காதீர்கள்.

காற்று

சைக்கிள்காரர்கள் அதிகம் ஏமாறுவது காற்றில்தான். போகும்போது எதிர்காற்று அடித்தால் வரும்போது பின்காற்று தள்ளிவிடும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோம். இந்தச் சாலையில் அது நடக்காது. சாலை போகும் திசை தென்கிழக்கு. ஆண்டின் நடுவில் வீசும் சோழகம் தென்மேற்கில் இருந்து வருகிறது, மழைக்காலத்து வாடை வடகிழக்கில் இருந்து. ஆக எந்தப் பருவத்தில் போனாலும் பெரும்பாலும் பக்கவாட்டுக் காற்றுதான். போகும்போது ஒரு தோளில் அடித்தது வரும்போது இன்னொரு தோளில் அடிக்கும்.

பக்கக்காற்றில் நம்மை அறியாமலே காற்று வரும் பக்கம் சாய்ந்துதான் ஓட்டுவோம். அந்த நேரத்தில் ஒரு சுற்றுலா வேன் காற்று வரும் பக்கமாக முந்திக்கொண்டு போனால் காற்று ஒரு நொடி மறைக்கப்படும், சைக்கிள் சட்டென்று வேன் பக்கம் இழுக்கும். வேன் கடந்ததும் காற்று மறுபடி முழு வேகத்தில் அடிக்கும். இந்த ஆட்டத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டதும் உடம்பைத் தாழ்த்தி, ஹேண்டில்பாரை இறுக்காமல் பிடித்து, நேராகப் போங்கள். ஜோடியாக அரட்டை அடித்துக்கொண்டு ஓட்டும் சாலை இது இல்லை. படபடக்கும் மேல்சட்டை, உயரமாகக் கட்டிய மூட்டை இரண்டும் வேண்டாம்.

பலமான காற்று மணலையும் சாலைக்குக் கொண்டுவந்துவிடும். ஓரத்தில் மெல்லிய படலமாகக் கிடப்பது தூரத்தில் இருந்து தெரியாது. அதன்மேல் பிரேக் பிடித்தாலோ ஹேண்டிலைத் திருப்பினாலோ சக்கரம் வழுக்கிவிடும். மிதிப்பதை மட்டும் நிறுத்திவிட்டு, சைக்கிளை அதன் போக்கில் நேராக விடுவதுதான் சரி. முதல்முறை போகிறவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் நல்லவை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மணல் முகத்தில் அறையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது.

பஞ்சர் பற்றியும் யோசியுங்கள். உடைமர முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் மெல்லிய டயரைச் சுலபமாகத் துளைத்துவிடும். ஊரைத் தாண்டினால் பஞ்சர் கடையை எதிர்பார்க்க முடியாது. மாற்று டியூப், டயர் கழற்றும் லீவர், பம்ப் மூன்றும் பையில் இருக்கட்டும். சைக்கிளை முள் இருக்கும் ஓரத்தில் சாய்த்து நிறுத்தாதீர்கள்.

நடை

நேராக அரிச்சல்முனை போய், அசோகத் தூணுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்புவதைத் தவறு என்றே சொல்வேன். பழைய தனுஷ்கோடியில் ஒரு கடைக்காரரிடம் டீ குடித்துவிட்டு, அவரிடம் சொல்லி சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு, தெற்குக் கரையில் இறங்கி நடந்து பாருங்கள். முனை வரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். முழுக்கப் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. வெயில் ஏறும்வரை போய்விட்டுத் திரும்பலாம்.

உதிரி மணலில் நடந்தால் அரை மணியில் கெண்டைக்கால் கெஞ்சும். அலை வந்து நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலில் நடங்கள். காலையில் வெறுங்கால் சுகமாகத்தான் இருக்கும், திரும்பும்போது அதே மணல் சுடும். செருப்பைக் கையிலாவது வைத்துக்கொள்ளுங்கள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் கயிற்றைத் தாண்டக் கூடாது, காய வைத்த வலையை மிதிக்கவும் கூடாது. இழுப்பவர்களுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போகலாம்.

வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான வடக்குப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், அலை புரளும் தெற்குப் பக்கத்தை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள். பெயரை நம்பி எதிலும் இறங்க வேண்டாம். வாடைக் காலத்தில் பெண் கடலும் கொந்தளிக்கும். அரிச்சல்முனையில் இரண்டும் சேரும் இடத்தில் நீரோட்டம் ஆளையே இழுத்துவிடும், காலடி மணலும் நிலையாக இருக்காது. முழங்கால் தண்ணீர்தானே என்ற பேச்சே அங்கே கூடாது.

குளிர்காலத்தில் உள்நீர்ப் பரப்புகளில் பூநாரைகள் கூட்டமாக மேயும். அந்த இடத்தை 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு சரணாலயமாக அறிவித்திருக்கிறது. படம் எடுப்பதற்காகக் கிட்டே போனால் முழுக் கூட்டமும் பறந்துவிடும், நமக்கும் சேற்றில் கால் புதையும். சாலையில் இருந்தே பைனாகுலரில் பாருங்கள். கரையில் ஒதுங்கும் பவளத் துண்டுகளையும் எடுக்காதீர்கள். பவளம் 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது.

தனுஷ்கோடியில் உள்ள பழைய தேவாலயத்தின் சுவரே பவளக்கல்லால் கட்டியதுதான். அதன்மேல் ஏறி நின்று ரீல்ஸ் எடுக்கிறவர்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. சுவர் ஏற்கனவே உதிர்ந்துகொண்டிருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் இந்த ஊரே போனது. பாம்பனில் இருந்து வந்த பயணிகள் ரயிலை, உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடல் கொண்டுபோனது. அந்தக் கற்களைத் தொடாமல் சுற்றிப் பார்ப்பது நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

அறைக்குத் திரும்பியதும் முதல் வேலை சைக்கிள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலையில் செயினில் துருப் பூத்திருக்கும். நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி மணலையும் உப்பையும் கழுவுங்கள். மணல் இருக்கும்போதே துணியால் துடைத்தால் செயின் தேயும். வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்து அழுத்தமாக அடித்தால் உப்புநீர் பேரிங்குக்குள் போய்விடும். நன்றாகக் காயவிட்டு எண்ணெய் போட்ட பிறகு குளிக்கப் போகலாம்.