யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பார்க்கக் குடும்பத்தோடு சிங்கப்பூர் வருகிறீர்களா? ரூம் போடும்போது இந்தத் தவறுகள் வேண்டாம்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஊரிலிருந்து என் போனுக்கு ஸ்கிரீன்ஷாட்கள் வர ஆரம்பித்துவிடும். "இந்த ஹோட்டல் ஓகேவா?", "யுனிவர்சலுக்குப் பக்கம்தானே?", "இவ்வளவு கம்மியா இருக்கே, நம்பலாமா?" சிங்கப்பூரில் குடியிருப்பதால் சொந்தக்காரர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று யாராவது ஒருவருக்கு ரூம் பார்த்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விமர்சனங்களைப் படியுங்கள், சீக்கிரமே பதிவு செய்யுங்கள், நாலு தளங்களில் விலையை ஒப்பிடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சென்டோசாவுக்குள்ளேயே தங்க நினைப்பது

யுனிவர்சல் ஸ்டுடியோஸ் என்ற கேளிக்கைப் பூங்கா இருப்பது சென்டோசா தீவில், ரிசார்ட்ஸ் வேர்ல்ட் வளாகத்துக்குள். வளாகத்திலும் தீவின் மற்ற பக்கங்களிலும் ஹோட்டல்கள் உண்டு. ஆனால் நடுத்தரக் குடும்பத்துக்கு அந்த வாடகை கட்டுப்படியாகாது. மூன்று வேளைச் சாப்பாட்டையும் அங்கேயே வாங்க வேண்டிவரும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தீவுக்குப் போவதில் சிரமமே இல்லை. எம்ஆர்டி ரயிலின் ஊதா நிறப் பாதையில் கடைசி நிலையம் ஹார்பர்ஃபிரண்ட். அதை ஒட்டியே விவோசிட்டி மால். அதன் மூன்றாவது தளத்தில் சென்டோசா எக்ஸ்பிரஸ் மோனோரயில் நிற்கும். உள்ளே போக ஒருவருக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்), திரும்பி வரக் கட்டணம் கிடையாது. அடுத்த நிறுத்தமே ரிசார்ட்ஸ் வேர்ல்ட். அந்த 4 வெள்ளியையும் மிச்சம் பிடிக்க நினைத்தால் விவோசிட்டி பக்கத்திலிருந்து கடலின் மேலே போட்ட நடைபாதை இருக்கிறது. கூரை போட்ட பாதை, இலவசம், குழந்தையின் தள்ளுவண்டியும் தாராளமாகப் போகும்.

வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்ப்பது

பதிவுத் தளங்களில் "யுனிவர்சலிலிருந்து 4 கி.மீ." என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது நேர்கோட்டுத் தூரம். அந்த 4 கி.மீ. ஹோட்டலுக்குப் பக்கத்தில் ரயில் நிலையம் இல்லாமல் போகலாம். 6 கி.மீ. தள்ளியிருக்கும் லிட்டில் இந்தியாவிலிருந்தோ ஒரே ரயிலில் ஏறி உட்கார்ந்தால் நேரே ஹார்பர்ஃபிரண்டில் இறங்கலாம்.

எனவே நீங்கள் பார்க்க வேண்டியது ரயில் பாதையின் நிறத்தை. ஹார்பர்ஃபிரண்டிலிருந்து ஊதா பாதையில் வரிசையாக ஊட்ரம் பார்க், சைனாடவுன், கிளார்க் கீ, டோபி காட், லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க். இவற்றில் ஏதாவது ஒரு நிலையத்திலிருந்து பிள்ளைகள் நடக்கக்கூடிய தூரத்தில் ரூம் தேடுங்கள். "எம்ஆர்டி பக்கத்தில்" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, எந்தப் பாதை என்று கேளுங்கள். பூங்காவில் பகல் முழுக்க வெயிலிலும் வரிசையிலும் நின்ற பிள்ளைகளைச் சாயங்காலம் தூக்கிக்கொண்டு ரயில் மாறும்போதுதான் அந்த வித்தியாசம் புரியும். டோபி காட்டில் மூன்று பாதைகள் சேர்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நிலத்தடியிலேயே நல்ல நடை இருக்கிறது.

இந்த ஆறில் நம் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது ஃபேரர் பார்க்கும் லிட்டில் இந்தியாவும்தான். காலையில் இட்லி கிடைக்கும், நள்ளிரவு தாண்டியும் முஸ்தபா பேரங்காடி திறந்திருக்கும், பெரியவர்கள் தமிழிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் சிராங்கூன் சாலைப் பக்கம் கூட்டம் நெருக்கித் தள்ளும். வாரம் ஒரு நாள் விடுமுறை கிடைக்கும் நம் தொழிலாளத் தம்பிகள் நண்பர்களைப் பார்க்க வரும் நேரம் அது. கூட்டம் ஒத்துக்கொள்ளாத குழந்தை என்றால் சைனாடவுன் பக்கம் பாருங்கள். ஹார்பர்ஃபிரண்டுக்கு இரண்டே நிறுத்தம்.

பிள்ளைகளைச் சொல்லாமல் ரூம் போடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தளத்தில் பெரியவர் 2, குழந்தைகள் 2 என்று போட்டுத் தேடுகிறீர்கள். வயது கேட்கும்; 7, 10 என்று போடுகிறீர்கள். பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும், விலையும் ஏறிவிடும். உடனே விரல் என்ன செய்கிறது? மேலே போய்க் குழந்தைகள் எண்ணிக்கையில் கழித்தல் குறியை இரண்டு தடவை தட்டுகிறது. பட்டியல் நீள்கிறது, மலிவான ரூம் ஒன்று மேலே வந்து நிற்கிறது. "சின்னப் பிள்ளைங்கதானே, ஒரு எக்ஸ்ட்ரா பெட் கேட்டு வாங்கிக்கலாம்" என்று பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அதுவும் ரத்து செய்தால் பணம் திரும்பாத ரூமாகப் பார்த்து, ஏனென்றால் அதுதான் இன்னும் கொஞ்சம் குறைவு.

நம் ஊரில் இது செல்லும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ரிசப்ஷனில் சிரித்துப் பேசினால் ஒரு மெத்தையும் இரண்டு தலையணையும் வந்துவிடும், ஐந்து பேர் ஒரே ரூமில் படுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் ஒவ்வொரு ரூமுக்கும் எத்தனை பேர் என்று ஹோட்டல் எழுதியே வைத்திருக்கும். தங்குகிற ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் கேட்டு வாங்கிப் பதிவு செய்வார்கள், குழந்தையுடையதையும் சேர்த்து. மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிற பையனுக்கு மனம் இருந்தாலும் அவனால் ஒன்றும் செய்ய முடியாது.

மெத்தை கொடுக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம், அதை எங்கே போடுவீர்கள்? இங்கே மலிவு ஹோட்டலில் இரண்டு பேர் ரூம் 10 சதுர மீட்டர் இருப்பது சாதாரணம். அதாவது ஏறக்குறைய 108 சதுர அடி, குளியலறையையும் சேர்த்து! கட்டிலின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும். மறுபக்கம் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற இடம். பெட்டியைத் திறக்க வேண்டும் என்றால் கட்டில் மேல் வைத்துத்தான் திறக்க முடியும்.

மதுரைப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு எனக்குப் போன். "அண்ணே, ரூம் தர மாட்டேங்கிறாங்க. ரெண்டு பேருக்குத்தான் போட்டிருக்கீங்கன்னு சொல்றாங்க." நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டிகளெல்லாம் ஹோட்டல் வாசலில். பெரியவள் பெட்டி மேலேயே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் பசிக்கிறது என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஹோட்டலில் நாலு பேர் தங்கும் ரூம் எதுவும் அன்றைக்கு மிச்சம் இல்லை. இன்னொரு இரண்டு பேர் ரூம்தான் இருந்தது, அதுவும் வேறு மாடியில், சனிக்கிழமை இரவு நேரில் வந்து கேட்பவருக்கான விலையில். வேறு இடம் பார்க்கலாம் என்றால் ஏற்கனவே கட்டிய நாலு இரவுப் பணம் திரும்பி வராது.

எடுத்துக்கொண்டார்கள். அப்பாவும் பெரியவளும் ஒரு மாடி, அம்மாவும் சின்னவளும் இன்னொரு மாடி. நாலு இரவுக்கும் கூடுதலாகப் போன பணத்தில் இன்னொரு நாள் யுனிவர்சல் பார்த்திருக்கலாம். போட்டு வைத்திருந்த இரவு விலங்குப் பூங்காத் திட்டத்தை விட்டுவிட்டார்கள். அந்தப் பெரியவள் நான்கு மாதமாகக் காத்திருந்தது அதற்காகத்தானாம். பதிவு செய்த அன்றைக்கே அதே ஹோட்டலில் நாலு பேர் ரூம் இருந்திருக்கிறது. இரண்டு ரூமுக்குக் கொடுத்ததைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில்.

எனக்குக் கோபம் அந்தக் குடும்பத்தின் மேல் இல்லை. "ரெண்டு பேர்னு போடுங்க சார், அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று அவர்களுக்குச் சொன்ன ஏஜென்ட் மேல்தான். சொன்னவர் ஊரில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார், போனை எடுக்கவில்லை. "நாங்க போனப்ப ஒண்ணும் கேக்கலையே" என்று சொல்கிற சொந்தக்காரர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு தடவை நடந்ததை நம்பி உங்கள் பிள்ளைகளை ராத்திரியில் தெருவில் நிறுத்தாதீர்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? உண்மையான வயதையே போடுங்கள். கைக்குழந்தையாக இருந்தாலும் போடுங்கள். ரூம் விவரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். சில ஹோட்டல்களில் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே உள்ள குழந்தை பெற்றோரின் கட்டிலிலேயே படுக்கலாம். அந்த வயது வரம்பு ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். சந்தேகம் இருந்தால் பணம் கட்டும் முன்பே ஹோட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பி, நாலு பேர், இன்னின்ன வயது என்று எழுதி, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னது செல்லாது, எழுத்தில் இருக்க வேண்டும். இரட்டைக் கட்டிலோடு மாடிக் கட்டில் போட்ட குடும்ப ரூம்கள் லிட்டில் இந்தியா பக்கம் சில ஹோட்டல்களில் உண்டு. பரப்பளவையும் பாருங்கள். நாலு பேருக்கு 18 சதுர மீட்டருக்குக் கீழே நான் ரூம் போட்டுக் கொடுப்பதில்லை.

பாட்டி தாத்தாவும் வருகிறார்கள் என்றால் ஒரே ரூம் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரூம் கேளுங்கள்.

ஜன்னல் இல்லாத ரூம்

சிங்கப்பூரின் மலிவு ரூம்களில் பலவற்றுக்கு ஜன்னல் கிடையாது. படத்தில் திரைச்சீலை தொங்கும். அதற்குப் பின்னால் வெறும் சுவர் இருக்கலாம். துவைத்துப் போட்ட பிள்ளைகளின் துணி காயாது, விடிந்தது தெரியாது, மூன்றாம் நாள் ரூமில் ஈர வாடை வரும். ஒரு இரவுக்கு என்றால் சமாளிக்கலாம். குழந்தைகளோடு நாலு இரவு என்றால் ஜன்னல் உண்டு என்று எழுதியிருக்கும் ரூமுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதே மேல்.

லிஃப்ட்

லிட்டில் இந்தியாவிலும் சைனாடவுனிலும் பழைய கடைவீடுகளை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். பார்க்க அழகு. பலவற்றில் லிஃப்ட் இல்லை, மரப்படி செங்குத்தாக ஏறும். தள்ளுவண்டியோ முழங்கால் வலியுள்ள பெரியவரோ கூட இருந்தால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேலாங்

இந்த வட்டாரத்தில் ரூம் விலை குறைவாகத்தான் இருக்கும். சில சந்துகள் சிவப்பு விளக்குப் பகுதி. சாப்பிடப் போகலாம், பிள்ளைகளோடு தங்க வேண்டாம்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி

150++ என்றால் 150 வெள்ளி இல்லை. 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 179 வெள்ளி 85 காசு. 2024 முதல் இதுதான் கணக்கு. ஒரு தளத்தில் வரி சேர்த்த விலையும் இன்னொன்றில் சேர்க்காத விலையும் காட்டும்; பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். சில ஹோட்டல்கள் முன்பணமும் பிடித்து வைக்கும். திரும்பக் கொடுப்பார்கள், ஆனால் கார்டில் அதற்கும் இடம் இருக்க வேண்டும்.

குடியிருப்பில் தினவாடகை

தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது இங்கே சட்டப்படி குற்றம். அரசு அடுக்குமாடி வீடுகளுக்கு ஆறு மாதம். யாராவது தினவாடகைக்குத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஜோகூரில் தங்கி வந்து போவது

மலேசியப் பக்கம் ரூம் மலிவுதான். ஆனால் பாலம் தாண்டி நீங்கள் வந்து சேரும் உட்லண்ட்ஸ் சிங்கப்பூரின் வடக்கு முனை, சென்டோசா தெற்கு முனை. போகும்போது இரண்டு குடிநுழைவு வரிசை, வரும்போது இரண்டு. வார இறுதியில் அந்த வரிசையில் பிள்ளைகளோடு நின்று பார்த்தவர்கள் இரண்டாம் தடவை அப்படிச் செய்வதில்லை.

விடிகாலை விமானமும் மூன்று மணி ரூமும்

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நள்ளிரவு வாக்கில் கிளம்பும் விமானங்கள் விடிகாலையில் இங்கே இறங்கும். நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால் இரவுத் தூக்கத்தில் பாதி காணாமல் போயிருக்கும். ரூம் சாவியோ மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான். இடைப்பட்ட நேரத்தை வீணாக்க வேண்டாமே என்று நேரே யுனிவர்சலுக்குப் போகிறார்கள். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டிக்கெட்டில் பிள்ளைகள் மதியத்துக்குள் சுருண்டுவிடுவார்கள். பெட்டிகளை ஹோட்டலில் வைத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, முதல் நாளை லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை, கோவில் என்று பக்கத்திலேயே கழியுங்கள். பூங்கா இரண்டாம் நாள்.

விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு டாக்ஸியில் வாருங்கள். செயலியில் கூப்பிடும் தனியார் வாடகைக் கார் என்றால் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். டாக்ஸிக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. ஐந்து பேர் என்றால் பெரிய வண்டி கேட்க வேண்டும்.