பனங்கிழங்கு விற்று நிவாரண நிதி: பள்ளிப் பிள்ளைகளோடு செய்வது எப்படி?

ஐப்பசி, கார்த்திகை வந்தால் ராமநாதபுரம் கரையில் எல்லார் காதும் புயல் செய்தியில்தான் இருக்கும். எங்காவது ஓர் ஊர் அடிபட்டதும், “சார், நாமளும் ஏதாவது அனுப்பலாமா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்ட சூட்டோடு தொடங்கிவிடுங்கள்.

முதலில், அடிபட்ட ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போனில் பேசி, என்ன தேவை என்று கேளுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் பழைய துணிகள் ரோட்டோரம் குவிந்து கிடந்தன. அரசுப் பள்ளிக்குப் பாடப்புத்தகம் இலவசமாகவே வந்துவிடும். செருப்போ ஜாமெட்ரி பாக்ஸோ இல்லாமல் பிள்ளைகள் தவிக்கலாம்.

அடுத்து, உங்கள் தலைமையாசிரியரிடம் அனுமதி. பெற்றோருக்கும் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளிடம் நேராகக் காசு கேட்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அப்போது வாங்கிய கடன் அடையப் பல வீடுகளில் மாதக்கணக்காகும். பத்து ரூபாய் கொண்டுவர முடியாத பிள்ளை வகுப்பில் தலைகுனிந்து உட்காரக் கூடாது. அதனால்தான் விற்பனை என்கிறேன். அதில் எல்லார் கையும் சமம்.

மார்கழி, தையில் பனங்கிழங்கு மலிவு. பனங்காட்டில் மொத்தமாக வாங்கி, மண் போகக் கழுவி, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைக்க வேண்டும். கொதிக்கும் அண்டாப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். அது அம்மாக்களின் வேலை. ஆறியதும் ஐந்தைந்தாக எண்ணி, ஈர ஓலை நாரால் பிள்ளைகள் கட்டட்டும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் நாரைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போடும் அழகே தனி! விற்பனை பள்ளி வாசலில் மட்டும், பெரியவர்கள் கூட இருக்க. பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பவே வேண்டாம்.

வாங்குபவர்களுக்கு எதற்காக விற்கிறோம் என்று ஒரு பிள்ளை சொல்லட்டும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த கதையை அப்பத்தா, தாத்தாவிடம் கேட்டுவந்து சொன்னால் போதும். பயமுறுத்தும் படங்கள் தேவையில்லை.

அன்றைக்கே, எல்லார் முன்னாலும் எண்ணுங்கள். இரண்டு பிள்ளைகள் எண்ண, ஒருத்தர் நோட்டில் எழுதட்டும். கிழங்கு விலை, விறகுச் செலவு, மிச்சம் என மூன்றையும் கரும்பலகையில் போடுங்கள்.

அப்புறம், கேட்ட பொருளை பில்லோடு வாங்கி அனுப்பலாம். பணமாகவே என்றால் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு அனுப்பி ரசீது வாங்குங்கள். அதன் நகலைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கிழங்கு தந்த பனங்காட்டு அக்காவுக்கும் ஒரு நகல் கொடுங்கள்.