மாரியில் உப்பு மா காயாது: வீட்டில் பிள்ளைகளின் கைவேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்னப் பிள்ளைகளின் கைவேலைக்கு வீடியோ தேடினால் வருவது பெரும்பாலும் சிவந்து உதிரும் இலையும் பனியும்தான். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நமக்கு இருப்பது கார்த்திகை, மார்கழி மாரியும், மாசி, பங்குனி அறுவடையும், ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும். எந்தப் பொருள் காயும், எது கிடைக்கும் என்பதெல்லாம் இந்தக் காலங்களின் கையில்தான் இருக்கிறது.

முதல் தவறு, மாரியில் உப்பு மாவில் உருவங்கள் செய்து காய வைப்பது. 2 கோப்பை கோதுமை மா, 1 கோப்பை உப்பு, ஏறத்தாழ 1 கோப்பை தண்ணீர் என்ற அளவு சரியானதுதான். ஆனால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சூட்டடுப்பில் காய வைத்து எடுத்தாலும், அடைமழை நாளில் உருவம் வேர்த்து, நெகிழ்ந்து, கடைசியில் பூஞ்சணம் பிடிக்கும். வைத்துப் பார்க்க வேண்டிய உருவங்களை வெயில் காலத்துக்கு விட்டுவிடுங்கள்.

மாரிக்கு நல்லது காய்ச்சிய மா. கோதுமை மா 1 கோப்பை, உப்பு அரைக் கோப்பை, தண்ணீர் 1 கோப்பை, எண்ணெய் 1 மேசைக்கரண்டி, தேசிக்காய்ப் புளி 1 மேசைக்கரண்டி. இவற்றைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு நெருப்பில் விடாமல் கிளற வேண்டும். பலர் கையில் ஒட்டும் பதத்திலேயே இறக்கிவிட்டு, மேலே பச்சை மாவைத் தூவிப் பிசைகிறார்கள். அது அடுத்த நாளே வெடித்து உதிரும். சட்டியின் ஓரத்தை விட்டு மா ஒரே உருண்டையாகத் திரளும்வரை பொறுங்கள். ஆறிய பிறகு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு உப்புச் சேர்த்த எந்த மாவும் வேண்டவே வேண்டாம், அதில் உள்ள உப்பு அந்தச் சிறிய உடம்புக்கு ஆபத்து. இடியப்பத்துக்குக் குழைக்கும்போது உப்புப் போடாமல் ஒரு பிடி எடுத்து, நன்றாக ஆறவிட்டுக் கொடுங்கள். வறுத்த அரிசி மாவும் கொதிநீரும் மட்டுந்தான் அதில் இருக்கின்றன. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அரிசிக்கு நிறமூட்டும்போது தண்ணீர் விடக்கூடாது, விட்டால் அரிசி ஊறி ஒட்டிக்கொள்ளும். 1 கோப்பை அரிசிக்கு 1 தேக்கரண்டி வினாகிரியும் சில துளி உணவு நிறமும் போதும். குலுக்கிச் சுளகில் மெல்லியதாகப் பரப்புங்கள். அறுவடைக் காலத்தில் அரிசிக்குப் பதில் நெல்லைக் கொடுக்க ஆசை வரும். நெல்லிலும் புது வைக்கோலிலும் சுணை உண்டு. தோல் அரிக்கும், இழுப்பு உள்ள பிள்ளைக்குத் தூசி மூச்சைப் பிடிக்கும்.

கௌபி, கடலை, பயறு மூன்று வயதுக்கு மேல்தான். மூக்கில் போன பயறு ஈரத்தில் ஊதும். அதை ஈர்க்கிலால் தோண்டினால் இன்னும் உள்ளே போகும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தண்ணீரில் ஊதும் வண்ண ஜெலி மணிகள் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது, விழுங்கினால் குடலில் பெருத்து அடைத்துவிடும். குன்றிமணியும் வரக்கூடாது, மாலை கோர்க்கத் துளைத்தால் உள்ளிருக்கும் நஞ்சு வெளியே வரும்.

பூச்சோறு ஆக்கி விளையாடும் பிள்ளைகளுக்கு மஞ்சள் அலரியைக் காட்டி, இது கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். பூ, இலை, காய் எல்லாம் நஞ்சு. செவ்வரத்தை கொடுக்கலாம். இதழைத் தண்ணீரில் கசக்கினால் ஊதா இறங்கும், தேசிப்புளி விட்டால் சிவக்கும். அந்த நிறம் மாறும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

வெள்ளம் வடிந்த சேற்றிலும் வயல் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், மண் விளையாட்டுக்கு அதை எடுக்காதீர்கள். விளையாடிய பேசினையும் சிரட்டைகளையும் அன்றே கவிழ்த்து வையுங்கள். தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். பேசினில் சில அங்குலத் தண்ணீர் இருந்தாலும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

வெசாக் கூட்டுக்கும் கார்த்திகை விளக்கீட்டுக்கும் வாங்கும் சின்ன மின்விளக்குகளில் பொத்தான் பற்றரி உண்டு. தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரிக்கும். மூடி திருகாணியால் பூட்டியதா என்று பார்த்து வாங்குங்கள்.

கச்சானுக்கு ஓலைக் காற்றாடிதான். முற்றிய ஓலை மடித்த இடத்தில் வெடிக்கும், குருத்தோலைதான் வளையும். ஓரம் கையைக் கிழிக்கும் என்பதால் கீற்றை நீங்களே வார்ந்து கொடுங்கள். ஒரு விரல் அகலம், ஒரு சாண் நீளம் போதும். நடுவில் துளையிட்டு, இரு முனையையும் எதிரெதிர்ப் பக்கமாகச் சற்று முறுக்கி நகத்தால் அழுத்துங்கள். இரண்டையும் ஒரே பக்கம் முறுக்கினால் என்ன காற்று அடித்தாலும் சுற்றாது. துளை ஈர்க்கிலை விடச் சற்றுப் பெரிதாக, கீற்று தளர்ந்து ஆடும்படி இருக்கட்டும். ஈர்க்கிலின் கூர் முனையில் ஒரு சிறு மா உருண்டையைக் குத்திவிட்டால் கண்ணுக்கும் காவல், கீற்றும் கழன்று போகாது. பிறகு பிள்ளையை மேற்குப் பார்க்க நிறுத்துங்கள்.