தேதிவாரிப் பதிவுகளை மாதவாரியாகக் கூட்டுவது எப்படி? எக்ஸெல் பிவட் டேபிள், படிப்படியாக

ஒரு நெடுவரிசையில் தேதி, அடுத்ததில் வகை, அதற்கடுத்து தொகை. இப்படி வரி வரியாக எழுதி வைத்த கணக்கு யாரிடமும் இருக்கும். அதிலிருந்து மாதத்துக்கு எவ்வளவு என்று எடுக்க, எக்ஸெலின் பிவட் டேபிளில் (வரிகளைத் தானே தொகுத்துக் கூட்டித் தரும் அட்டவணை) நாலைந்து கிளிக் போதும். ஆனால் தேதிகள் ஒழுங்காக இல்லாவிட்டால் அதே நாலைந்து கிளிக்கில் தப்பான விடையும் வரும், பார்த்தால் சந்தேகமே வராது. அதனால் கூட்டலுக்கு முன்பு தேதியைக் கவனிப்போம்.

முதலில், அது தேதிதானா?

எக்ஸெல் தேதியை ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1-க்கு எண் 1. நாளுக்கு ஒன்றாகக் கூடி, 2024 ஜனவரி 1-க்கு 45292. தேதி நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ஹோம் மெனுவில் வடிவத்தை 'ஜெனரல்' என்று மாற்றிப் பாருங்கள். ஐந்து இலக்க எண்ணாக மாறினால் அது தேதி. 17/02/2024 என்று அப்படியே நின்றால் அது வெறும் எழுத்து. எக்ஸெலுக்கு அதில் மாதமும் இல்லை, வருடமும் இல்லை. பார்த்து முடித்ததும் அன்டூ செய்துவிடுங்கள்.

சில செல்கள் எண்ணாக மாறி, சில மாறாமல் நின்றால் உஷாராகுங்கள். உங்கள் கோப்பில் நாள் முதலில், மாதம் அடுத்து இருக்கிறது. கணினியோ மாதம் முதலில் வரும் அமைப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 17/02/2024-ஐ அதனால் படிக்க முடியாது, ஏனென்றால் பதினேழாவது மாதம் கிடையாது, எழுத்தாகவே விட்டுவிடும். ஆனால் 05/02/2024-ஐ மே 2 என்று எடுத்துக்கொள்ளும். பிப்ரவரித் தொகை மே மாதத்தில் போய் உட்கார்ந்துவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. எழுத்தாக நின்றவற்றை மட்டும் திருத்தினால் போதாது. இடம் மாறிப் போனவைதான் பெரிய ஆபத்து.

இதைச் சரிசெய்ய மூலக் கோப்புக்கே திரும்பிப் போவது நல்லது. அது சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இருந்தால், இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கொண்டுவாருங்கள். தரவு வகையைத் தானாகக் கண்டறிய வேண்டாம் என்ற விருப்பத்தைத் தேர்ந்து, 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' அழுத்துங்கள். தலைப்பு வரி முதல் பதிவாகத் தெரிந்தால் 'யூஸ் ஃபர்ஸ்ட் ரோ அஸ் ஹெடர்ஸ்' கொடுங்கள். அப்புறம் தேதி நெடுவரிசையின் தலைப்பில் ரைட் கிளிக், 'சேஞ்ச் டைப்', 'யூசிங் லொகேல்'. வகைக்கு 'டேட்', லொகேலுக்கு (எந்த நாட்டு வழக்கப்படி தேதியைப் படிப்பது என்பது) நாள் முதலில் வரும் ஒன்று. யுனைடெட் கிங்டம் ஆங்கிலம் சரியாக வரும். தொகை நெடுவரிசையை எண் வகைக்கு மாற்றிவிட்டு 'குளோஸ் அண்ட் லோடு' கொடுங்கள்.

பிவட் டேபிள்

தரவுக்குள் ஏதாவது ஒரு செல்லில் நின்று, இன்செர்ட் மெனுவில் 'பிவட் டேபிள்', ஓகே. வலப்பக்கம் வரும் பட்டியலில் தேதியை 'ரோஸ்' பெட்டிக்கும், தொகையை 'வேல்யூஸ்' பெட்டிக்கும் இழுத்துவிடுங்கள். 2016 பதிப்பிலிருந்து எக்ஸெல் தேதிகளைத் தானாகவே மாதங்களாகச் சேர்த்துக் காட்டும். காட்டவில்லையா? ஏதாவது ஒரு தேதியின் மேல் ரைட் கிளிக் செய்து 'குரூப்' கொடுங்கள்.

அங்கே 'மந்த்ஸ்' மட்டும் தேர்ந்தெடுத்தால் 2023 ஜனவரியும் 2024 ஜனவரியும் ஒரே வரியில் சேர்ந்துவிடும். 'இயர்ஸ்' என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள். இன்று ஒரே வருடத் தரவுதான் இருந்தாலும் இந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

குரூப் செய்ய முடியாது என்று செய்தி வந்தால், பெரும்பாலும் எங்கோ ஒரு எழுத்துத் தேதி ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். மேலே சொன்ன சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

தொகைக்குப் பதில் சின்னச் சின்ன எண்களாக வருகிறதா? கூட்டுவதற்குப் பதில் எத்தனை வரி என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. தொகை நெடுவரிசையில் வெற்றுச் செல்லோ எழுத்தோ இருக்கும். அதைச் சரிசெய்து, பிவட் டேபிளில் அந்த எண்ணின் மேல் ரைட் கிளிக் செய்து, 'சம்மரைஸ் வேல்யூஸ் பை' போய் 'சம்' என மாற்றுங்கள்.

சரிபார்ப்பு

மூலத் தரவில் தொகை நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்தால் திரையின் அடியில் மொத்தம் தெரியும். அது பிவட் டேபிளின் 'கிராண்ட் டோட்டல்' உடன் பொருந்த வேண்டும். பொருந்தினாலும் மாதம் மாறி விழுந்த தொகைகள் இதில் பிடிபடாது. அதற்கு, ஒரு மாதத்தை மட்டும் ஃபில்டர் செய்து அதன் வரிகளை மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாள் 12-க்குள் இருக்கும் வரிகளைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

புதுப் பதிவுகள் சேர்ந்தால் பல பதிப்புகளில் பிவட் டேபிள் தானாக மாறாது. ரைட் கிளிக் செய்து 'ரிஃப்ரெஷ்' கொடுக்க வேண்டும்.

சூத்திரத்தில் செய்பவர்களுக்கு

நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் கூட்டும் 'சம்இஃப்ஸ்' சூத்திரமும் இதே வேலையைச் செய்யும். மாதத்தின் எல்லையை மட்டும் கவனித்துப் போடுங்கள். பதிவில் நேரமும் இருந்தால், 2024 ஜனவரி 31 மாலை 6 மணி என்பது எக்ஸெலுக்கு 45322.75. "ஜனவரி 31 வரை" என்று நிபந்தனை போட்டால் எல்லை 45322-லேயே முடிந்துவிடும். கடைசி நாளின் பதிவுகள் விடுபட்டுப் போகும். ஜனவரி 1 அல்லது அதற்குப் பின், பிப்ரவரி 1-க்கு முன் என்று இரண்டு நிபந்தனைகளாகப் போட்டால் ஒரு வரியும் தவறாது. பிப்ரவரிக்கு 28 நாளா 29 நாளா என்றும் பார்க்க வேண்டியதில்லை.